டெல்லிக்கு ரயிலில்: ஸ்லீப்பரா, தேர்டு ஏசியா?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில்தான் என்று முடிவாகிவிட்டால், மண்டையைக் குடைய மிச்சம் இருப்பது எந்த வகுப்பு என்பதுதான். தங்கை வீட்டு விசேஷத்துக்கு அம்மாவை அழைத்துப்போக வேண்டி வந்தபோது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத் தேர்டு ஏசி எடுத்தேன். மறுபடி போனாலும் அதையேதான் எடுப்பேன். வேலை தேடிய காலத்தில் இதே தடத்தில் ஸ்லீப்பரில் போய்வந்தவன் என்பதால் அந்தப் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

வண்டியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பி, மூன்றாம் நாள் காலையில் புது டெல்லியில் இறக்கிவிடும். 2,180 கிலோமீட்டர் சொச்சம், சுமார் 33 மணி நேரம். ஜி.டி. எக்ஸ்பிரஸும் அதே தடம்தான். 1929இல் பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய பழைய வண்டி அது. வழியில் நிறைய ஊர்களில் நிற்கும். நடுவில் எங்காவது இறங்குகிறவர்களுக்கு ஜி.டி., நேராக டெல்லிக்கு என்றால் தமிழ்நாடு. ராஜதானி வாரம் இரண்டு நாள்தான். இடம் நிரம்ப நிரம்பக் கட்டணமும் ஏறும். அதில் ஸ்லீப்பரே கிடையாது என்பதால் இந்தப் பேச்சுக்குள் அது வராது.

கட்டணத்தில் தேர்டு ஏசி, ஸ்லீப்பரைப் போல இரண்டரை மடங்கு. "ரெண்டு ராத்திரி தூங்கறதுக்கு எதுக்குடா இவ்வளவு காசு?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டிலும் படுக்கை அமைப்பு ஒன்றே: இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, சைடில் இரண்டு. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரைதான் மிடில் பெர்த்தைத் தூக்கி மாட்டலாம் என்ற விதியும் அதை ஒட்டிய சண்டையும் இரண்டுக்கும் பொது. பான்ட்ரி சாப்பாடும் ஒன்றுதான்.

ஸ்லீப்பருக்காக வாதாடச் சொன்னால் ஜன்னலைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஓடும் அந்த ஒரு முழுப் பகலில் பார்க்க நிறைய இருக்கிறது. காலையில் வாரங்கல், அப்புறம் ராமகுண்டம் தாண்டிக் கோதாவரி, மதியம் நாக்பூர், பிற்பகலில் பேத்துல் பக்கத்துச் சாத்பூரா மலைகள், இட்டார்சியைத் தாண்டி இருட்டும் நேரத்தில் நர்மதை. பாலத்தில் வண்டி ஏறியதும் ஜன்னல் கம்பி வழியாகக் காசை வீசிவிட்டுக் கும்பிடுவார்கள். ஏசி பெட்டியில் இதையெல்லாம் திறக்க முடியாத இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும், கண்ணாடி அழுக்காக இருந்தால் அதுவும் இல்லை. ஆனால் இதே பகல் மே மாதத்தில் வந்தால் கதை வேறு. நாக்பூரில் 45 டிகிரி வெயில், அனல் காற்றுக்கு ஷட்டரை இறக்கிவிட்டு இருட்டில் வெந்துகொண்டிருப்பீர்கள். டிசம்பர், ஜனவரியில் போபாலுக்கு மேலே நேர்மாறு: ஷட்டர் இடுக்கு வழியாகவே குளிர் ஊசியாக இறங்கும், கம்பளியைச் சுமந்து போனால்தான் உண்டு. ஆக, அக்டோபர், நவம்பர், பிப்ரவரியில் தனி ஆளாகப் போகிற இளவட்டத்துக்கு ஸ்லீப்பர் போதும்.

எனக்கு ஏசி பக்கம் தராசைச் சாய்த்தது குளிர் இல்லை, கதவு. வடக்கே போகும் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறியவர்களுக்கு இது புரியும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது என்று விதி இருக்கிறது. பொதுப் பெட்டியில் நிற்கவும் இடமில்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்? பகலில் "தோடா அட்ஜஸ்ட்" என்று லோயர் பெர்த்தின் ஓரத்தில் ஒருவர் உட்காருவார். அவருக்குத் தெரிந்த இன்னொருவர் வருவார். இரவானதும் நடைபாதையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அந்த வயதில் நானும் அப்படி ஓரத்தில் ஒண்டிப் போனவன்தான். ஆனால் இரவில் இரண்டு முறை பாத்ரூம் போக வேண்டிய எழுபது வயது அம்மா, ஓடும் வண்டியில், மங்கலான நீல விளக்கு வெளிச்சத்தில் யார் கை, யார் கால் என்று தேடித் தேடி மிதிக்காமல் போய்வர வேண்டும். திரும்பி வரும்போது தன் படுக்கையில் கால்மாட்டில் வேறொருவர் இருப்பார். லோயர் பெர்த் கிடைத்தவருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், வயதானவர்களுக்கு நாம் கேட்டு வாங்குவதும் லோயர் பெர்த்தைத்தான்.

ஏசி பெட்டியில் அந்த நடைபாதை பெரும்பாலும் காலியாக இருக்கும். கதவருகே அட்டெண்டர் இருப்பார், டிடிஇயும் அடிக்கடி வந்து போவார். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு தானாகப் போய்வந்தார், என்னை எழுப்பக்கூட இல்லை. கூடுதல் காசில் பாதிக்கு மேல் அந்தக் கதவுக்குத்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். பண்டிகைச் சமயத்தில் ஏசியிலும் கூட்டம் ஏறிவிடுவதாகக் கேள்விப்படுகிறேன். எனக்கு அந்த அனுபவம் இல்லை.

படுக்கை விரிப்பு, தலையணை, போர்வை எல்லாம் தருவதால் ஒரு பை குறையும். விரிப்புகள் சலவையாகிக் காகித உறையில் வரும். கம்பளிப் போர்வையை ஒவ்வொரு பயணத்துக்கும் துவைப்பதில்லை. தருகிற இரண்டு விரிப்பில் ஒன்றைப் போர்வைக்கு உட்புறம் போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஏசி எலும்பைத் தொடும். காதுக்கு மப்ளர் எடுத்துப் போங்கள், மே மாதமானாலும்.

தேர்டு ஏசி எக்கானமி என்று 2021இல் ஒன்று வந்தது. எல்.எச்.பி. என்கிற புதுவகைப் பெட்டிகளில் வழக்கமான தேர்டு ஏசிக்கு 72 படுக்கை என்றால், முதலில் வந்த எக்கானமி பெட்டிகளில் 83. நெருக்கம் கூடுதல், கட்டணம் கொஞ்சம் குறைவு. பெங்களூருக்கு ஓர் இரவு போயிருக்கிறேன், குறை இல்லை. இரண்டு இரவும் ஒரு பகலும் அந்த நெருக்கத்தில் முழங்கால் என்ன சொல்லும் என்று சொல்வதற்கு அந்த ஓர் இரவு போதாது.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதற்கு முன் 120 நாளாக இருந்தது. திறந்த அன்றே போட்டுவிடுங்கள். ஆர்ஏசி என்று வந்தால் ஒரு சைடு லோயரில் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஏசியோ ஸ்லீப்பரோ, 33 மணி நேரத்துக்கு அது ஆகாது. பெரியவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் லோயர் பெர்த் ஒதுக்கீடு உண்டு, ஆனால் அவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கிடைக்காது. அம்மாவுக்குத் தனி டிக்கெட்டாகப் போட்டேன், லோயர் வந்தது. எனக்கு அதே பெட்டியில் இரண்டு தடுப்பு தள்ளி அப்பர்.