ஏற்காட்டில் இரண்டு நாள் எரியறை வகுப்பு

ஜெட் எஞ்சினின் எரியறையிலிருந்து வெளியேறும் மாசைக் குறைப்பது எப்படி என்பதை மட்டுமே பாடமாக வைத்து, பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காகத் தனியார் நிறுவனம் ஒன்று ஏற்காடு ஏரிக்கு அருகில் நடத்திய இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். சேலத்தில் வெப்பவியல் நடத்தும் எனக்குக் கட்டிய பணத்துக்கு மேலாகவே கிடைத்தது.

முதல் நாள் காலையில் பயிற்றுநர் பன்சன் விளக்கின் வளையத்தைத் திருப்பிக் காற்றுத் துளையை மூடினார். சுடர் மஞ்சளாகி நெளிந்தது. மேலே பிடித்த பீங்கான் தட்டில் கரி படிந்தது. துளையைத் திறந்ததும் சுடர் நீலமாகிச் சீறியது. "கரி போய்விட்டது, ஆனால் சூடு ஏறிவிட்டது, அடுத்த தொல்லை அங்கேதான் தொடங்குகிறது" என்றார். வெப்பநிலை ஏறத்தாழ 1800 கெல்வினைத் தாண்டியதும் காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜனோடு சேரும் வேகம் கிடுகிடுவென உயர்வதால், அழுத்த விகிதத்தை, அதாவது உள்ளிழுத்த காற்றை எஞ்சின் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதைக் கூட்டி எரிபொருளை மிச்சப்படுத்தும் முயற்சியே, எரியறையின் சூட்டையும் ஏற்றி நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பெருக்கிவிடக்கூடும். விமானம் தரையில் ஊர்ந்து செல்லும்போதோ எரியறையில் சூடு போதாமல் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் வெளியேறுகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று தலைதூக்கும் இந்த இழுபறியை இவ்வளவு தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை.

தீர்வுகளையும் அதே நிதானத்தோடு விளக்கினார். எரிபொருள் மிகுந்த கலவையாக முதலில் எரித்து, பக்கத் துளைகள் வழியே காற்றைச் சட்டென்று பாய்ச்சி, அதிகச் சூடு எழும் கலவை நிலையை நொடிப்பொழுதில் கடந்துவிடுவது ஒரு வழி. நடுவில் சிறு சுடரை அணையாமல் காத்துக்கொண்டு, அதைச் சுற்றிலும் காற்று மிகுந்த கலவையை முன்கூட்டியே கலந்து எரிப்பது மற்றொன்று. ஏர்பஸ் ஏ320 நியோ போன்ற பயணிகள் விமானங்களில் பொருத்தப்படும் லீப் எஞ்சினில் இருப்பது இதுவே.

எஞ்சின் மாசுக்கான பன்னாட்டுச் சான்றளிப்பில் அளவிடப்படுவது, விமானம் புறப்பட்டு இறங்குவதில் தரையிலிருந்து 3000 அடி வரையிலான சுழற்சி. அதில் புறப்பாட்டுக்கு 0.7 நிமிடம், ஏற்றத்துக்கு 2.2, இறங்குவதற்கு 4, ஊர்தலுக்கு 26 நிமிடம் என்று கணக்கு. சேலத்துச் சமவெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் அமர்ந்திருந்த மலையே அந்த வரம்புக்கு மேலே இருக்கிறது என்பதைச் சன்னல் வழியே பள்ளத்தாக்கைப் பார்த்தபோது உணர்ந்தேன். கமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் இறங்கும் ஏடிஆர் 72 விமானம் பற்றி ஒருவர் கேட்டதற்கு, விதி 26.7 கிலோநியூட்டனுக்கு மேற்பட்ட உந்துவிசை கொண்ட டர்போஃபேன், டர்போஜெட் எஞ்சின்களுக்கே உரியது, ஏடிஆரில் இருப்பதுபோல் வெளியே தெரியும் சுழலியைச் சுழற்றும் டர்போபுராப் அதில் அடங்காது என்று மழுப்பாமல் பதில் சொன்னார்.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. 2023 முதல் கரித்துகளின் எடையோடு எண்ணிக்கைக்கும் வரம்பு வந்துவிட்ட பிறகும், மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை போகும் அந்த நுண்துகள்களுக்குக் கடைசி நாளில் 20 நிமிடமே ஒதுக்கினார்கள். கொடுத்த அச்சுக் குறிப்பில் அந்தப் பகுதியே இல்லை. விமான நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களை நேரடியாகத் தொடும் பகுதி இதுதான் என்பதால் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அதற்கு அரை நாள் கொடுப்பார்களானால், அடுத்த வகுப்புக்கு எங்கள் துறையிலிருந்து இருவரை அனுப்பிவைப்பேன்.