லினக்ஸ் வழங்கல்களைச் சோதிக்க: விர்ச்சுவல்பாக்ஸா, கேவிஎம்மா?

ஃபெடோரா, டெபியன், ஆர்ச் என லினக்ஸ் இயங்குதளத்தின் வெவ்வேறு வழங்கல்களை ஒன்று மாற்றி ஒன்றாக நிறுவிப் பார்க்கும் ஆசை எனக்கு அடங்குவதே இல்லை. அன்றாட வேலை நடக்கும் கணினியில் கைவைக்காமல் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ள மெய்நிகர் கணினியை (நம் கணினிக்குள்ளேயே மென்பொருளால் இயங்கும் இன்னொரு கணினி) விட்டால் வேறு நல்ல வழி இல்லை. வன்தட்டைப் பிரித்து இரண்டாவது இயங்குதளம் நிறுவும்போது தவறான பகுதியை அழித்துவிட்டால் கோப்புகள் போனதுதான். பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்ப்பது, வைஃபையும் ஒலியும் நம் கணினியில் வேலை செய்யுமா என்று அறிய உதவும்; ஒரு வழங்கலோடு ஒரு வாரம் பழகிப் பார்க்க அது போதாது.

லினக்ஸ் கணினியில் மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருள்களில் எஞ்சும் போட்டி விர்ச்சுவல்பாக்ஸுக்கும் கேவிஎம்முக்கும்தான். இரண்டையும் பயன்படுத்திய பிறகு கேவிஎம் பக்கம் வந்துவிட்டேன். அதை இயக்க விர்ட்-மேனேஜர் என்ற வரைகலைச் செயலி. 4 ஜிபி நினைவகமும் இரண்டு கோர்களும் கொடுத்தால் இரண்டிலுமே வேகத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. விர்ச்சுவல்பாக்ஸின் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு இணையும் நிரல் பகுதி, கெர்னலுக்கு வெளியிலிருந்து வருவது. கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அது மறுபடி உருவாக்கப்பட வேண்டும். பெரும்பாலும் தானாகவே நடந்துவிடும். ஆனால் அதை உருவாக்கத் தேவையான கெர்னல் தலைப்புக் கோப்புகள் இல்லாவிட்டாலோ, கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூலில் கையொப்பம் இல்லாவிட்டாலோ, மெய்நிகர் கணினி தொடங்கவே தொடங்காது. அடிக்கடி புதிய கெர்னல் வரும் வழங்கலை அன்றாடம் பயன்படுத்துபவருக்கு இது ஓயாத வேலை. கேவிஎம் 2007இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே கெர்னலின் ஒரு பகுதி. கெர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறிவிடும். நாம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

அப்போதைய நிலையை அப்படியே சேமித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இரண்டிலும் உண்டு. மெய்நிகர் கணினியின் உயிரே அதுதான். ஆர்ச் நிறுவி முடித்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். பிறகு, தொடங்கும்போது வன்தட்டின் எந்தப் பகுதிகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திருத்தும்போது ஒரு பகுதியின் அடையாள எண்ணில் ஓர் எழுத்து தவறிவிட, மறுமுறை இயக்கியபோது அவசர நிலைத் திரைதான் வந்தது. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பியதும் எல்லாம் பழையபடி.

கேவிஎம்மில் ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மெய்நிகர் கணினியை யூஈஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் அமைத்தால், கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் பழைய பதிப்புகளில் வழக்கமான ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. நிறுவத் தொடங்கும் முன் அமைப்புகளைத் திறந்து, பழைய பயாஸ் முறையையே தேர்ந்தெடுங்கள். இதை நான் நிறுவிய பிறகுதான் கவனித்தேன். அதனால் இருமுறை நிறுவ வேண்டியதாயிற்று.

கோப்புறையைப் பகிர்ந்துகொள்வது விர்ச்சுவல்பாக்ஸில்தான் எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்கும் நான் விர்ச்சுவல்பாக்ஸையே சொல்வேன். 2024 நவம்பர் முதல் எல்லோருக்கும் இலவசமாகிவிட்ட விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனையும் அங்கே பார்க்கலாம்; ஆனால் விண்டோஸில் இந்த இரண்டையும் நான் சில நாட்களே இயக்கியிருப்பதால் எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.