மரத்தரை போடுவதற்கு முன் வாங்கிய ஈர மீட்டர்

ஊசி வைத்து ஈரம் பார்க்கிற சின்ன மாய்ஸ்சர் மீட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் பழைய வீட்டில் மரத்தரை போட நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது, 1956-க்கு முன்னால், செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலம். மண்ணைத் திமிசு போட்டு இடித்து, மேலே சுண்ணாம்புக் காரை, அதற்கும் மேலே சிவப்புத் தரை. ஓதத்தைத் தடுக்க நடுவில் ஒன்றும் கிடையாது. ரெண்டாங்கட்டு அறையில் ஏப்ரல் மாதம் ஒருவர் வந்து மரத்தரை போட்டார். கையால் தடவிப் பார்த்து "நல்லா காஞ்சுதான் கிடக்கு" என்றார், சோதனை அவ்வளவுதான். ஆனியில் சாரல் பிடித்ததும் வடக்குச் சுவரோரம் பலகைகள் உப்பி எழும்பின. ஒன்றைப் பெயர்த்தால் அடிப்பக்கம் கறுத்து, பூசணம் பிடித்து, நனைந்த சாக்கு வாடை. போட்ட காசெல்லாம் வீண், அம்மா அந்த அறைக்குள் போவதையே விட்டுவிட்டார்கள்.

அதற்கப்புறம்தான் மீட்டர் வாங்கினேன். இரண்டு ஊசிக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து ஈரத்தைச் சதவீதமாகச் சொல்கிறது. மரத்துக்கு அந்த சதவீதம் சரி. சிமெண்டில் வைத்தால் இந்த இடத்தை விட அந்த இடம் ஈரம் என்று ஒப்பிட மட்டும்தான் உதவும், உப்பு பூத்த இடத்தில் இருப்பதை விடக் கூடுதலாகவே காட்டும். அதனால் கூடவே பாலிதீன் சோதனையும் செய்யுங்கள். ஒன்றரை அடிச் சதுரத் துண்டை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் காலையில் பார்த்தபோது ஷீட்டின் உட்புறம் முத்து முத்தாக நீர், அடியில் அந்தச் சதுரம் மட்டும் தரை ரத்தச் சிவப்பாக இருந்தது. பக்கத்துத் தரையைத் தொட்டால் ஈரமே தெரியவில்லை.

மீட்டரோடு அறை முழுக்க அடிக்கு ஒரு இடமாகக் குத்திப் பார்த்ததில் வடக்குச் சுவரை நெருங்க நெருங்க எண் ஏறியது. வெளியே போய்ப் பார்த்தால் ஓட்டுத் தண்ணீர் நேராகச் சுவரடியில் விழுகிறது, கொல்லை மண்ணும் வருஷக்கணக்கில் மேவி அறைத் தரையை விட உயர்ந்திருக்கிறது. ஷீட் விரித்து மூடிவிடலாமா என்று கேட்டதற்கு எங்கள் ஆசாரி, "தரைய மூடிட்டா ஈரம் எங்க போகும் தம்பி, செவுத்துல ஏறும்" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. மண்ணை வெட்டி இறக்கி, ஓட்டுத் தண்ணீரைப் பிடித்துத் தள்ளிவிடத் தகரப் பாத்தி வைத்து, அடுத்த சாரல் வரை தரையைச் சும்மா போட்டுவைத்தோம். அந்தச் சாரலில் அதே சோதனை செய்தபோது ஷீட்டில் லேசான மூட்டம்தான்.

அப்புறம்தான் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை ஒன்றன் மேல் ஒன்று முக்கால் அடி ஏறும்படி விரித்து, டேப் ஒட்டி, பலகை போட்டோம். பலகைகளை அதே அறையில் இடைவெளி விட்டு அடுக்கி, மீட்டர் எண் அசையாமல் நின்ற பிறகே வேலை, சுவரோரம் அரை அங்குல இடைவெளி. ஐப்பசி மழை தாண்டியும் ஒரு பலகை அசையவில்லை.

மீட்டரில் குறை என்றால் ஊசி மெல்லியது, சிமெண்டில் அழுத்திக் குத்தினால் வளைகிறது, மாற்று ஊசி இரண்டுதான் தருகிறார்கள். நாலு நட்சத்திரம். வாங்கினால் சாரல் காலத்தில் தரையைப் பாருங்கள், ஏப்ரலில் வேண்டாம்.