85,000 ரூபாய்க்கு ‘வெற்றி’ என்ற ஒற்றைச் சொல்: சிப் ஃப்ளோ எழுதித் தருவதாக வருபவர்களிடம் எச்சரிக்கை

வயிறு எரிகிறது. ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

சிப் வடிவமைப்புக்கான திறந்த மூல பெஞ்ச்மார்க் தொகுப்பை, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரிச் சுற்றுகளை ஒழுங்குபடுத்தி, ஒரே கட்டளையில் எல்லாப் படிகளும் வரிசையாக ஓடும் ‘ஃப்ளோ’வாகச் செய்து தருகிறோம் என்று வந்த ஒரு குழு எங்களிடமிருந்து 85,000 ரூபாயைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது. தனியாள் வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஓர் இணையதளத்தின் வழியாக வந்தவர்கள். கல்லூரி தந்த பணம் இல்லை. துறையில் மூன்று ஆசிரியர்கள் சொந்தப் பையிலிருந்து போட்டோம், மீதியைப் பழைய மாணவர்கள் அனுப்பினார்கள்.

நாங்கள் கேட்டது என்ன என்பதைச் சொன்னால்தான் ஏமாற்றின் அளவு புரியும். 1985-இல் வெளிவந்த இஸ்காஸ் சுற்றுகள், 2015-இன் ஈபிஎஃப்எல் தொகுப்பு, பிக்கோஆர்வி32, ஐபெக்ஸ் என்ற இரண்டு சிறிய திறந்த மூலச் செயலிகள், சென்னை ஐஐடியின் சக்தி செயலி ஒன்று. எல்லாவற்றையும் யோசிஸ் என்ற கருவியில் சிந்தசிஸ் செய்து (நிரலை லாஜிக் கேட்களாக மாற்றி), ஓப்பன்ரோட் என்ற கருவியில் இடம் அமைத்து, கம்பி இழுத்து, 2020-இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் திறந்துவிட்ட 130 நானோமீட்டர் பிடிகே-யில் (சிப் தயாரிப்பு விவரத் தொகுப்பில்) பரப்பளவும் வேகமும் அட்டவணையாக வர வேண்டும். மாணவர்கள் தங்கள் அல்காரிதத்தை அதில் ஓட்டிப் பார்த்து ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

கேட்கச் சுலபம். ஆனால் இஸ்காஸ் சுற்றுகள் வெறும் கேட்களாக வரும். ஐபெக்ஸ், சுற்றுகளை எழுதும் மொழியான வெரிலாக்கின் விரிவான வடிவம் சிஸ்டம்வெரிலாக்கில் இருக்கிறது. யோசிஸ் தானாக அதை முழுதாக ஏற்காது என்பதால் எஸ்வி2வி போன்ற கருவி கொண்டு முதலில் சாதா வெரிலாக்காக மாற்ற வேண்டும். சக்தி புளூஸ்பெக் என்ற வேறு மொழியில் எழுதப்பட்டது, அதற்குத் தனிக் கம்பைலர். சுற்றிலுள்ள மெமரியைக் கவனிக்காமல் விட்டால் அத்தனையும் ஃப்ளிப்-ஃப்ளாப்களாக (ஒரு பிட்டைச் சேமிக்கும் செல்களாக) மாறிப் பரப்பளவு ஊதிவிடும். யோசிஸின் பதிப்பு மாறினால் அதே நிரலுக்கு செல் எண்ணிக்கையே மாறும். ஆகவே ஒவ்வொரு கருவியும் எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்க வேண்டும். இந்தத் தலைவலிகளைத் தீர்ப்பதற்குத்தான் 85,000 ரூபாய்.

நம்ப வைத்த விதத்தைச் சொல்கிறேன். வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்து, “எந்தச் சந்தேகமும் வேண்டாம் மேடம், கண்ணெதிரே ஓட்டிக் காட்டுகிறேன்” என்றார் அந்தக் குழுவின் தலைவர். கட்டளையை அடித்தார். வரிகள் ஓடின. சிறிது நேரத்தில் கேலேஅவுட் என்ற பார்வை மென்பொருளில் வண்ண வண்ணமாக லேஅவுட் திறந்தது. ஒரு கம்பியைப் பெரிதாக்கி, “இது மெட்டல் மூன்று மேடம்” என்று பொறுமையாக விளக்கவும் செய்தார். என் பக்கத்திலிருந்த இளைய ஆசிரியர் கைதட்டினார். முன்பணம் 35,000 ஏற்கெனவே போயிருந்தது. மீதி 50,000-ஐ அன்று மாலையே விடுவித்தோம்.

அவர் ஓட்டிக் காட்டியது ஜிசிடி. மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்கும் குட்டிச் சுற்று. ஓப்பன்ரோட் ஃப்ளோவை இறக்கி, எதையும் குறிப்பிடாமல் மேக் என்று அடித்தாலே ஓடுவது அதுதான்! அவர்கள் தந்ததில் உண்மையாக ஓடியதும் அது ஒன்றுதான்.

மற்றவை? ஐபெக்ஸின் கிளாக்கை 10 நானோ வினாடியிலிருந்து 2-க்கு இறுக்கினேன். ஸ்லாக், அதாவது கெடுவுக்குள் மிஞ்சும் நேரம், ஒரு புள்ளிகூட அசையவில்லை. சந்தேகம் வந்து வெரிலாக் கோப்பையே அழித்துவிட்டு ஓட்டினேன். அப்போதும் பச்சை நிறத்தில் ‘வெற்றி’. கட்டளைகள் எழுதியிருக்கும் மேக்ஃபைலைப் பிரித்துப் பார்த்தால், சிந்தசிஸ் வரியின் கடைசியில் இரண்டு செங்குத்துக் கோடுகளும் ‘ட்ரூ’ என்ற சொல்லும். அதாவது, கட்டளை தோற்றாலும் தோற்றதாகச் சொல்லாதே. அதற்கடுத்த வரி, ஏற்கெனவே எழுதிவைத்த அறிக்கைகளை முடிவுகள் அடைவுக்குள் நகலெடுக்கிறது. லாக் கோப்பின் தலையில் இருக்கும் யோசிஸ் பதிப்பு, அவர்கள் கருவிகளை அடைத்துத் தந்த கண்டெய்னருக்குள் இருக்கும் பதிப்பே இல்லை.

என்னைக் கொதிக்க வைத்தது இன்னொன்று. இஸ்காஸ் தொகுப்பின் சி6288 என்பது பதினாறு பிட் பெருக்கி. எதையும் நினைவில் வைக்காத சேர்ப்புச் சுற்று, அதில் ஃப்ளிப்-ஃப்ளாப் ஒன்றுகூடக் கிடையாது. அவர்கள் அறிக்கையில் ஆயிரத்துக்கும் மேல்! பிக்கோஆர்வி32-இன் அறிக்கையைப் பெயர் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். திருடுவதிலும் சோம்பேறித்தனம்.

கேட்டதற்கு முதல் பதில், “உங்கள் கணினியில் மெமரி போதாது மேடம்.” கோப்பே இல்லாமல் வெற்றி வருவதற்கும் மெமரிக்கும் என்ன சம்பந்தம்? பிறகு, லினக்ஸ் பதிப்பு ஒத்துவரவில்லை என்றார்கள். பிறகு, அந்த வேலையைச் செய்த பையன் விலகிவிட்டான் என்றார்கள். கடைசியில், இன்னும் 20,000 தந்தால் ‘இரண்டாம் கட்டமாக’ச் சரிசெய்து தருவார்களாம். இணையதளத்தின் உதவிப் பிரிவோ, பணம் விடுவிக்கப்பட்டுவிட்டது, ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நாங்கள் தலையிட முடியாது என்ற ஒரே பத்தியை வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. மேக்ஃபைலின் அந்த இரண்டு வரிகளைப் படமெடுத்து அனுப்பினேன். “தொழில்நுட்பத் தரத்தை நாங்கள் மதிப்பிடுவதில்லை” என்று வந்தது. தளத்தின் கழிவுத்தொகையை மட்டும் தவறாமல் மதிப்பிட்டு எடுத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் 85,000 ரூபாய், கையில் ஒரு ஜிசிடி.

இத்தகைய வேலை கொடுப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில. அவர்கள் திரையில் ஓடுவதைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், உங்கள் கணினியில், புதிதாக இறக்கிய நகலில் ஓட வேண்டும். கிளாக்கை மாற்றி எண்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள், ஒரு கோப்பை அழித்துவிட்டு ஓட்டம் தோற்கிறதா என்று பாருங்கள். ஜிசிடியைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மூல நிரலும் அதிலிருந்து வந்த நெட்லிஸ்ட்டும் (கேட்களின் இணைப்புப் பட்டியலும்) சமம்தானா என்ற சரிபார்ப்பு அறிக்கையைக் கேளுங்கள். பணத்தை ஒவ்வொரு மின்சுற்றும் முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள்.

சைபர் குற்றப் பிரிவுக்கு 1930 என்ற உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. அந்தக் குழுவின் விளம்பரம் அதே தளத்தில், ஐந்து நட்சத்திரத்துடன், இன்று காலையும் இருக்கிறது. மாதிரி வேலை என்று போட்டிருக்கும் படம் எங்கள் ஜிசிடி.