ஒரே 6/9, இரண்டு முடிவுகள்: புரைக்கு அறுவையா, கண்ணாடியா?

என் இரண்டு கண்களிலும் புரை. கண்ணாடி போட்டுச் சோதித்தபோது இரண்டுக்கும் சீட்டில் ஒரே எண்தான் விழுந்தது: 6/9. வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இடது கண்ணுக்குக் கண்ணாடியை மட்டும் மாற்றினேன். அதிலிருந்து, "எண் எவ்வளவு வந்தால் ஆபரேஷன்?" என்று உறவினர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். அந்த ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

6/9 என்றால், நல்ல கண் ஒன்பது மீட்டரில் படிக்கும் எழுத்தை நாம் ஆறு மீட்டரில்தான் படிக்கிறோம். கண்ணாடி இல்லாமல் எடுத்த எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். கண்ணாடியோடு எடுத்ததே கணக்கு. கண் முன்னே பிடிக்கும் ஊசித்துளைத் தகடு வழியே பார்த்து எண் நன்றாகத் தேறினால், பெரும்பாலும் கண்ணாடியே கைகொடுக்கும்.

கண்ணாடியோடு காத்திருப்பதில் தவறில்லை. என் இடது கண்ணில் இருப்பது லென்ஸின் நடுக்கருவில் வரும் புரை, தொடக்க நிலை. பொதுவாக இது மெல்ல வளரும். கிட்டப்பார்வை பவரைச் சிறிது சிறிதாகக் கூட்டும். பவரை மாற்றிச் சில காலம் ஓட்டலாம். ஆனால் "புரை முற்றட்டும்" என்பது பழைய அறுவை முறைக் காலத்துப் பேச்சு. அல்ட்ராசவுண்டால் உடைத்து உறிஞ்சும் இன்றைய முறையில், முற்றி இறுகிய புரைதான் மருத்துவருக்குத் தொல்லை.

வலது கண்ணின் கதை வேறு. அங்கே புரை லென்ஸின் பின்பக்கத்தில், சரியாக நடுவில். எழுத்துப் பலகையை மங்கலான அறையில்தான் படிக்க வைக்கிறார்கள். அப்போது பாப்பா, அதாவது கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளை, விரிந்திருக்கும், புரையைச் சுற்றி ஒளி நுழைந்துவிடும், 6/9 வந்துவிடும். வெயிலிலோ எதிர்வண்டி விளக்கிலோ பாப்பா சுருங்கும். பிறகு ஒளி போக மிஞ்சுவது புரை மூடிய அந்த நடுப்புள்ளிதான். பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதும் பாப்பா சுருங்குவதால் நாளிதழும் மங்கியது. பகலில் ஸ்கூட்டர் ஓட்டும்போது எதிரே வருபவரின் முகம் வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தது. இதைச் சொன்ன பிறகுதான் கூச்சொளிச் சோதனை வைத்தார்கள். கண்ணருகே பிரகாசமான விளக்கைப் பிடித்துக்கொண்டு அதே பலகையைப் படிக்க வேண்டும். வலது கண் 6/36-க்குச் சரிந்தது. இடது கண் 6/9-இலேயே நின்றது. இதன் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

இந்தச் சோதனையை எல்லா இடத்திலும் தாமாக வைப்பதில்லை. பலகையில் தேறிவிட்டு வெளிச்சத்தில் தடுமாறுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டும். இரவில் வண்டி ஓட்ட முடியவில்லை, பஸ்ஸின் பெயர்ப்பலகை வெயிலில் தெரியவில்லை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். "மங்கலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பவரைச் சரிபார்த்து அனுப்பிவிடுவார்கள்.

அறுவைக்கும் விலை உண்டு. அரிதாகக் கிருமித்தொற்றோ விழித்திரைப் பிரச்சினையோ வரலாம். லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு பின்னாளில் மங்கினால் லேசர் வைக்க வேண்டியிருக்கும். எனக்கு இதுவரை எதுவும் வரவில்லை. ஒரு கண்ணின் அனுபவம் அவ்வளவுதான் பேசும்.

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. இருப்பவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்களுடைய 6/18-இல் புரையின் பங்கு பாதி, விழித்திரையின் பங்கு பாதி என்று இருக்கலாம். புரையை எடுத்தாலும் விழித்திரையின் பங்கு போகாது. சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்களா, தேவையென்றால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தார்களா என்று தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.