வரித் தாக்கல் செய்து தருகிறோம் என்று ஃபோன் வந்தால் உஷார்: 4,151 டாலர் போச்சு

போன வியாழக்கிழமை தபால் பெட்டியில் ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) கடிதம். 2023-ல் நான் ஓட்டிய டாக்ஸிக்கு மைல் கணக்கும் ரசீதும் அனுப்பச் சொல்லி, 30 நாள் கெடு.

டாக்ஸியா? நான் எச்1பி வேலை விசாவில் டெக்சாஸ் வந்து இறங்கியதே 2023 செப்டம்பர் 1. அந்த வருஷம் என்னிடம் கார் கிடையாது. லைசென்ஸ் வாங்கியதே 2024 பிப்ரவரியில்தான். கடிதம் வேறு யாருக்கோ வர வேண்டியது என்று நினைத்து உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பேர்தான்.

நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கோபம் தணிவதற்குள் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்கு வரித் தாக்கல் செய்து கொடுத்த கம்பெனியின் பேர் போடவில்லை. ஆனால் எச்1பி ஆட்களுக்குத் தெரியும்: ஜனவரி பிறந்தால் போதும், நம் நம்பர் எங்கிருந்துதான் கிடைக்குமோ, "டாக்ஸ் ஃபைலிங் பண்ணிட்டீங்களா சார்?" என்று தினம் நாலு கால் வருமே, அந்த ரகம். 40 டாலர் ஃபீஸ். நண்பரைச் சேர்த்துவிட்டால் நமக்கு 10 டாலர்.

நான் ஏமாந்த இடம் எது தெரியுமா? அந்தக் கம்பெனியிலிருந்து பேசிய ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எல்லாரும் வைத்திருக்கும் ஒரு சாஃப்ட்வேரில் நானே பாதி நிரப்பி வைத்திருந்தேன். 13,850 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (ரசீது இல்லாமலே வருமானத்தில் கழிக்கும் தொகை) தானாகக் கழிந்து, ரீஃபண்ட் நன்றாகவே காட்டியது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "தம்பி, எந்தத் தேதி இறங்குனீங்க?" சொன்னேன். "அப்போ அந்த வருஷம் 122 நாள்தான் இங்க இருந்திருக்கீங்க. 183 நாள் வரலையே? வரிக் கணக்குல நீங்க நான்-ரெசிடென்ட், வெளிநாட்டவர். ரெசிடென்ட் போடற 1040 படிவம் போடவே கூடாது, நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர் போடணும். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உங்களுக்குக் கிடையாது. அதை எடுத்தீங்கன்னா நாளைக்கு வம்பு."

தேடிப் பார்த்தேன். அத்தனையும் சரி. ரீஃபண்ட் குறைந்தாலும் பரவாயில்லை என்று சட்டத்தைச் சொல்கிற மனுஷன், அதுவும் தமிழில். அதற்கப்புறம் அண்ணா, அண்ணா என்று டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருஷச் சம்பளச் சான்று), பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினேன். என் தலையில் மிளகாய் அரைக்க நானே அம்மியும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிடிஎஃப் வந்தது. சுத்தமான 1040-என்ஆர். சம்பளம் 36,400. சம்பளத்தில் ஏற்கெனவே பிடித்த வரி 6,463. கட்ட வேண்டிய வரி 4,151. ரீஃபண்ட் 2,312. மூன்றே வாரத்தில் 2,312 டாலர் கணக்குக்கு வந்துவிட்டது. யாருக்குச் சந்தேகம் வரும்? ஆபீஸில் இரண்டு பேரைச் சேர்த்தும் விட்டேன்.

இப்போது கடிதத்தைப் பார்த்தபின், ஐஆர்எஸ் தளத்தில் என் பேரில் கணக்குத் திறந்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது என் பேரில் தாக்கலானதன் சுருக்கம், எடுத்தேன். உள்ளே போயிருந்தது 1040-என்ஆரே இல்லை. எதைப் போடக்கூடாது என்று எனக்குப் பாடம் எடுத்தாரோ அதே 1040. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுத்திருக்கிறார்கள். ஷெட்யூல் சி என்ற படிவத்தை வைத்து, சொந்தத் தொழிலில் நஷ்டம் 22,598 டாலர் என்று காட்டியிருக்கிறார்கள், முழுக்கக் காருக்கு ஆன செலவாம். தொழிலுக்கு ஓட்டும் காருக்கு அந்த வருஷம் ஐஆர்எஸ் அனுமதித்த கழிவு மைலுக்கு 65.5 சென்ட். வகுத்துப் பார்த்தேன்: 34,500 மைல். நாலு மாசத்தில்! பஸ்ஸில் ஆபீஸ் போனவன் நான்.

வரி பூஜ்யம். ரீஃபண்ட் 6,463, முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு வந்தது 2,312. மிச்சம் 4,151 டாலர் வேறு கணக்குக்குப் போயிருக்கிறது. 8888 என்று ஒரு படிவம், அதை வைத்து ரீஃபண்டை மூன்று கணக்கு வரை பிரித்துப் போடலாமாம். எந்தக் கணக்கு என்று பார்க்க, தாக்கல் செய்ததன் முழு நகல் கேட்டு 4506 படிவம் போட்டிருக்கிறேன். அதற்கு 30 டாலர் தண்டம்.

அந்த ஆளுக்கு ஃபோன் போட்டேன். முதல் நாள், "ஐஆர்எஸ் எல்லாருக்கும் அனுப்புற லெட்டர்தான் தம்பி, டென்ஷன் ஆகாதீங்க." ரெண்டாம் நாள், "உங்க ஃபைல் பார்த்த பையன் வேலையை விட்டுப் போயிட்டான். டீம்ல கேட்டுச் சொல்றேன்." 4,151 எங்கே என்று நேராகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொல்கிறார், "திருத்தி அமெண்ட்மெண்ட் போட்டுடலாம். 300 டாலர் ஆகும்." என்னிடமே! மூன்றாம் நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

அந்த 4,151-ஐ இனி நான்தான் கட்ட வேண்டும். 20 சதவீத அபராதம் போட்டால் இன்னும் 830, வட்டி தனி. பணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. எச்1பி-யில் இருப்பவன் ஸ்பான்சர் செய்த கம்பெனியைத் தவிர வேறு எங்கும் சம்பாதிக்கக் கூடாது. நான் டாக்ஸி ஓட்டியதாக என் பேரிலேயே அரசாங்கத்திடம் காகிதம் இருக்கிறது. அதனால் முதலில் வக்கீலைப் பார்க்கிறேன், அதற்கு அடுத்துத்தான் ஐஆர்எஸ் பதில்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காசு வாங்கிக்கொண்டு தாக்கல் செய்பவர் கையெழுத்தும், ஐஆர்எஸ் அவருக்குக் கொடுத்த பிடிஐஎன் எண்ணும் போட்டே ஆக வேண்டும். என் பிடிஎஃப்பில் அந்த இடத்தில் 'செல்ஃப் பிரிபேர்ட்' (நானே தயாரித்தது) என்று இருந்தது, நான் கவனிக்கவே இல்லை. பிடிஎஃப்பை நம்பாதீர்கள், ரீஃபண்ட் வந்ததும் ஐஆர்எஸ் தளத்தில் டிரான்ஸ்கிரிப்ட் எடுத்து எண்ணுக்கு எண் ஒப்பிடுங்கள். மாட்டிக்கொண்டால் 14157, 14157-ஏ என்று ரெண்டு புகார்ப் படிவம் இருக்கிறது. போலீஸிலும் புகார் கொடுங்கள், நாளைக்கு நான் போகிறேன்.

நான் சேர்த்துவிட்ட ரெண்டு பேரில் ஒருவன் சொந்த ஊருக்கே போய்விட்டான், மெசேஜ் போட்டிருக்கிறேன். இன்னொருவன் பக்கத்து அபார்ட்மெண்ட். லாகின் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று ஒன்பது மணிக்குச் சொன்னான். இப்போது பத்தே முக்கால், இன்னும் கூப்பிடவில்லை.