பெற்றோர் நடத்தும் மாண்டிசோரி வகுப்பு: எதை வாங்கலாம், எதை நாமே செய்யலாம்

பெற்றோர் நாலு பேர் சேர்ந்து தொடங்கும் மாண்டிசோரி பள்ளி (குழந்தை பொருட்களைத் தானே கையாண்டு கற்கும் முறை) பெரும்பாலும் 3 முதல் 6 வயதுவரை கலந்து உட்காரும் ஒரே வகுப்போடுதான் ஆரம்பிக்கும். பணம் இழுபறி. "எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாமே" என்ற பேச்சும் வரும். பல வருடம் புழங்கிப் பார்த்ததில், மில்லிமீட்டர் பிசகக் கூடாததை வாங்குவதும், வெட்டி ஒட்டுவதை வீட்டில் செய்வதும்தான் சரிப்பட்டு வருகிறது.

பிங்க் டவரைப் பார்த்தால் யாரும் செய்துவிடலாம் போலிருக்கும். பக்கம் 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து இளஞ்சிவப்புக் கனசதுரக் கட்டைகள், அவ்வளவுதானே! ஆனால் ஒரு மூலையைச் சேர்த்து அடுக்கினால் ஒவ்வொரு படியிலும் சரியாக 1 செ.மீ. விளிம்பு மிஞ்ச வேண்டும். அந்த விளிம்பில் சின்னக் கட்டையை வைத்து நகர்த்திப் பார்ப்பது அடுத்த கட்ட வேலை. அறுப்பதில் அரை மில்லிமீட்டர் தவறி, மேலே பெயின்ட்டும் தடித்தால் அது நடக்காது. தொலைவதும் அந்தச் சின்னக் கட்டைதான். மாற்றுக் கட்டை வேறு சாயலில் இருந்தால் குழந்தையின் கண் அளவை விட்டு நிறத்துக்குப் போய்விடும். வாங்கும்போதே ஒரு உபரிக் கட்டை கேளுங்கள்.

குமிழ் வைத்த உருளைகளை அதனதன் குழியில் பொருத்தும் மரக்கட்டைதான் சிலிண்டர் பிளாக். இதில் தொந்தரவு ஈரத்தால் வருகிறது. மரம் ஊதி உருளை குழியில் சிக்கும். உடனே உப்புத்தாள் எடுத்துத் தேய்க்காதீர்கள். ஈரம் காய்ந்ததும் உருளை லொடலொடவென்று ஆடும். கைக்குத் தெரிய வேண்டிய பொருத்தம் போய்விடும். காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குமிழ் வெறும் பசையில் நிற்கிறதா, உள்ளே ஆணி முளை இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பசைக் குமிழ் கழன்று வருவது நிச்சயம்.

அட்டையில் ஒட்டி, குழந்தை விரலால் தடவிப் பழகும் உப்புத்தாள் எழுத்துகளைத் தாராளமாக வீட்டில் செய்யலாம். தாளின் பின்பக்கம் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல வரைந்து வெட்டினால் முன்பக்கம் பென்சில் கோடு விழாது. நைஸ் ரகம் போதும். கரடான தாள் விரலைக் கீறும், குழந்தை இரண்டாம் முறை தொடாது. ஒட்டியபின் ஒரு இரவு முழுக்க பாரம் வைக்காவிட்டால் அட்டை வளையும். முதலில் பிய்வது விரல் வைத்துத் தொடங்கும் முனை. அங்கே பசையைக் கூடுதலாகத் தடவுங்கள். கை கழுவித் துடைத்த பிறகே தொட வேண்டும் என்ற பழக்கம் இருந்தால் எழுத்தின் ஆயுசு நன்றாகவே நீளும்.

ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று எண்ணைக் கையில் காட்டும் தங்க மணிகளைக் கோப்பது ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் தெரியும். கம்பிதான் காலை வாரும். மெல்லிய கம்பி வளைந்துவிட்டால், பத்து மணி கோத்த சரங்கள் பத்தை நூறு மணிச் சதுரத்தின் பக்கத்தில் வைக்கும்போது அளவு ஒத்துப்போகாது. பணம் போதாவிட்டால் ஆயிரம் மணிக் கனசதுரங்களில் கூடுதலானவற்றை மரக் கனசதுரமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவு அதேயாக இருக்கட்டும். ஒரே ஒரு ஆயிரமாவது நிஜ மணியில் வேண்டும். ஒற்றை மணியை ஒரு கையிலும் ஆயிரத்தை இன்னொரு கையிலும் ஏந்தும் கனம் மரக்கட்டையில் கிடைக்காது.

நிறத்தையும் சாயலையும் பிரித்தறியப் பழக்கும் நிறப் பலகைகளை வெயில் விழும் ஷெல்ஃபில் வைப்பது பணத்தை வீணாக்குவது. இவற்றின் மூன்றாம் பெட்டியில் 9 நிறம், ஒவ்வொன்றிலும் 7 சாயல், ஆக 63 பலகை. வெளுத்துவிட்டால் பக்கத்துப் பக்கத்துச் சாயல்கள் நமக்கே பிடிபடாது. ஊற்றிப் பழகும் ஜாடி கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். உடைவதற்கு அஞ்சி பிளாஸ்டிக் வாங்காமல், அதே அளவில் உபரி வையுங்கள்.

மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பெட்டிமேல் அச்சடிக்கலாம், அதனால் லேபிளைப் பார்க்காமல் ஸ்கேல் வைத்து அளந்து வாங்குங்கள். இலவசமாக வரும் பழைய செட்டுக்கும் இதேதான். துண்டு குறைந்த தட்டு ஷெல்ஃபில் இருக்கக் கூடாது. அதைச் சரிபார்க்க வாரம் ஒரு பெற்றோர் என்று முறை வைத்து, வகுப்பு முடிந்த கையோடு எண்ணச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் எண்ணினால் காணாமல் போன துண்டு பெருக்கிய குப்பையோடு போயிருக்கும்.